சஹன் எத்தனை மணிக்கு?

1

இந்தக் கதை ஒரு பழியைத் துடைப்பதற்காக எழுதப்படுகிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பழி இதுதான். என் சாச்சாவின் மகள் இல்மாவின் கலியாணத்துக்கு முந்திய வாரத்தில், பெண் வீட்டுக்கு நான்கு முறை தொலைபேசி எடுத்துச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நான்கு முறை என்பது உண்மை. முதல் அழைப்பில் சாச்சா சிரித்தார். சாச்சா என்றால் என் வாப்பாவின், அதாவது அப்பாவின் தம்பி, மஹ்ரூப்.

“சஹன் எத்தின மணிக்கு வைப்பீங்க சாச்சா?”

“கார்ட்ல போட்டீக்கே மகள், ஒரு மணிக்கு.”

“கார்ட்ல உள்ளது தெரியும். உண்மையில எத்தின மணிக்கு?”

“என்ன புள்ள, இப்பவே பசிக்குதா?”

நான்காவது அழைப்பில் அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் யாருக்கோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “பஸ்லினாதான். திரும்பவும் சோத்தப் பத்தித்தான் கேக்கிறா.” கலியாணத்தன்று மண்டப வாசலில், முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்கதானா அது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பத்தொன்பது வருடம் கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்திருக்கிறேன். பதில் சொல்ல விரும்பாதவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் வராத கெட்ட பெயர், சோற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மாத்திரை இருந்தது. மாத்திரைக்குப் பின்னால் என் வாப்பாவின் வலது கை இருந்தது. அதை விளக்கத்தான் இது.

[“விளக்க” என்று எழுதியவுடன் கதை வெளியே போய்விடுகிறது. இருக்கட்டும், வாசலில்தான் நிற்கும்.]

* சஹனை அறியாத வாசகருக்கு: அது ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு குவித்து, மேலே இறைச்சி, முட்டை, அச்சாறு எல்லாம் வைத்து, கீழே விரித்த வெள்ளைத் துணியில் கொண்டுவந்து வைப்பார்கள். சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் கையால் சாப்பிடுவார்கள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் ஆறாவது ஆளுக்குக் கூப்பாடு போடுவார்கள். இந்த நாட்டு முஸ்லிம் கலியாணம் ஒன்றில் கேட்கும் மிக உரத்த சத்தம் அதுதான்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: “கண்டி வாவியின் மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஸவாஹிர் தன் விரல்களைப் பார்த்து —”

நிறுத்திவிட்டேன். கண்டியில் நடக்கிற கதைகளெல்லாம் ஏன் வாவியில் தொடங்க வேண்டும்? ஸவாஹிர் என்பது வாப்பாவின் பெயர். நாங்கள் இருப்பது குண்டசாலையில். வாப்பாவைப் பொறுத்தவரை வாவி என்பது பஸ் முக்கால் மணித்தியாலம் நகராமல் நிற்கும் ஓர் இடம்.

இரண்டாவது: “மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு —”

அந்த மருத்துவர் கண்ணாடி போடுவதில்லை. மௌனமும் இருக்கவில்லை. வெளியே நூற்றுப் பதினான்கு பேர் இலக்கத் துண்டோடு காத்திருந்தார்கள். நடந்தது இது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, மனதில் வருகிற ஏதாவதொரு வசனத்தை எழுதச் சொன்னார்.

வாப்பா முப்பத்திரண்டு வருடம் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுப்பவராக இருந்தவர். மனதில் வந்ததை எழுதினார்: “ஒரு நாளைக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின்.” முதற்சொல் கடலை அளவில் இருந்தது. போகப் போகக் குறுகி, “பின்” கடுகளவுக்கு வந்துவிட்டது.

தாளைத் தூரப் பிடித்துப் பார்த்த வாப்பா, மருத்துவர் வாய் திறக்குமுன் சொன்னார்: “பார்க்கின்சன்.”

“எப்படித் தெரியும்?” என்று மருத்துவர் கேட்டார்.

“எங்கட தோட்டத்துல ஒரு கணக்கப்பிள்ளைக்கு வந்திச்சு டொக்டர். கடைசியில அவர் எழுதினதப் படிக்க பூதக்கண்ணாடி வேணும்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். வாப்பாவும் சிரித்தார். நான் மட்டும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். “மெல்ல மெல்லக் கூடும். நிறுத்த முடியாது. சமாளிக்கலாம். ஓய்வில் நடுக்கம்.” கடைசி இரண்டு சொற்களின் கீழ் கோடும் போட்டேன். ஆனால் அவற்றின் பொருள் எனக்குப் புரிய நான்கு மாதம் ஆனது.

3

இந்த இடத்தில் ஒரு மோசடியைச் சொல்ல வேண்டும். முதற்பிரதியில் நான் இல்லை, வாப்பாவும் இல்லை. சொந்த வீட்டை எழுதக் கூச்சமாக இருந்ததால் நிஷாந்தினி என்றொரு பெண்ணை உருவாக்கி, அவளுடைய அம்மா புஷ்பத்துக்கு இந்த நோயைக் கொடுத்தேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு, முற்றத்தில் செவ்வந்தி. நிஷாந்தினி பொறுமைசாலி. விடியற்காலையில் எழுவாள். யாரோடும் கோபிக்க மாட்டாள். நான்கு பக்கம் வரை அவளோடு போனேன்.

ஐந்தாம் பக்கத்தில் கலியாணம் வந்தது. அங்கே வாழையிலை. வாழையிலையில் அவரவருக்கு அவரவர் எல்லை. புஷ்பத்தின் கை நடுங்கினால் சோறு அவருடைய இலையிலேயே விழும், கதை அதோடு முடிந்துவிடும். வேறொருவர் பக்கத்தில் போய் விழுந்தால்தான் இது கதை.

அந்தப் பிரதியை வாப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஆரு இந்தப் புள்ள?”

“கற்பன வாப்பா.”

“அதுதானே பாத்தேன். நல்ல புள்ளயா ஈக்கே. உம்மாவ ஒரு நாளும் ஏசல்ல.”

நிஷாந்தினியை அன்றே அனுப்பிவிட்டேன். செவ்வந்தியை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். எங்கள் முற்றத்தில் இருப்பது தண்ணீர்த் தாங்கி.

4

ஆக, நான்தான். உம்மா மௌத்தாகி, வாப்பா தனியாகி ஆறு வருடம். என் அண்ணன் ஷிராஸ் நானாவுக்குக் கொழும்பில் வேலை, மூன்று பிள்ளைகள். எனக்கு ஒரு மடிக்கணினி. மடிக்கணினிக்குப் பள்ளிக்கூடம் மாற்றத் தேவையில்லை. இரண்டு பயணப் பெட்டிகளோடு குண்டசாலைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் ஒரு செய்தி ஆசிரியரின் வேகத்தில் வேலையைத் தொடங்கினேன். பொத்தானை நான் போட்டேன். தேத்தண்ணியை நான் ஆற்றிக் கொடுத்தேன். கறியை நான் பிசைந்தேன். பேப்பரின் பக்கத்தையும் நான்தான் திருப்பினேன். சுவரில் நேர அட்டவணை, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு நிறம். வாப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முப்பத்திரண்டு வருசம் நான் ஆக்களுக்கு ‘நேரத்துக்குப் போடுங்க’ எண்டு சொன்னேன். ஒருத்தரும் கேக்கல்ல. இப்ப நான் மட்டும் என்னத்துக்குக் கேக்கணும்?”

இரண்டாவது மாதத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. அதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாவனல்லையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். வாப்பாவின் கை சஹனுக்கு மேலே ஆடுவதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நானும் நானாவும் பேசி முடிவு செய்தோம். முதல் நாளே அந்த வீட்டாருக்குச் சொல்லி, மின்விசிறிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கதிரை, ஒரு சின்ன மேசை, பீங்கான் தட்டு, கரண்டி எல்லாம் வைப்பித்தோம். எங்களுக்குப் பெருமைதான். எவ்வளவு கவனமான பிள்ளைகள்!

நான் பெண்கள் பக்கம் இருந்ததால் நானா சொன்னதைத்தான் எழுதுகிறேன். வாப்பா அந்த மேசையைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். கீழே இருபது சஹன்கள், நூற்றிருபது பேர். மேலே அவர் ஒருவர், கரண்டியோடு. உட்கார்ந்தார். இரண்டு கரண்டி சாப்பிட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றார்.

* ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. எங்கள் குடும்பத்தில் எந்தச் சஹனில் வாப்பா உட்கார்ந்தாலும் இறைச்சியைப் பிய்த்துப் பங்கு வைப்பது அவர்தான். மருந்து எண்ணிய கை என்பதால் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய வராது. அவருடைய சஹனில் இடம் பிடிக்க என் சாச்சாமார் சின்னப் பிள்ளைகள் போல ஓடுவார்கள்.

திரும்பும் வழியில், வான் வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது வாப்பா சொன்னார்: “கதிரயில இரிந்து கரண்டியால திண்டா அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு மகள். அத நான் முப்பத்திரண்டு வருசம் பாத்தீக்கிறேன்.”

அதன் பிறகு மூன்று அழைப்பிதழ்கள் வந்தன. மூன்றுக்கும் அவர் போகவில்லை. முழங்கால் வலி என்றார். முழங்காலில் ஒரு குறையும் இல்லை. நான்காவதாக வந்தது இல்மாவின் அழைப்பிதழ். தம்பியின் ஒரே மகள். அதை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார், கையோடு சேர்ந்து அதுவும் ஆடியது.

“இதுக்குப் போறேன். சஹன்லதான் இரிப்பேன். அது ஏலாட்டி, இனி ஒரு கலியாணத்துக்கும் என்னக் கூப்பிட வாணாம் எண்டு எல்லாருக்கும் சொல்லிடு.”

கலியாணத்துக்குப் போகாத மனிதர் எங்கள் ஊரில் எதற்கும் போகாத மனிதர். அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

5

[இந்தப் பகுதியில் நான் ஏதோ ஒரு ஞானத்தைக் கண்டடைவதாக மூன்று முறை எழுதினேன். மூன்றையும் வெட்டிவிட்டேன். கண்டுபிடித்தவர் வாப்பா.]

ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அவருக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கை மடியில் கிடந்து, யாரோ உருட்டுகிற மணி போல ஆடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் ஆடாம வச்சிக்கொள்ளுங்க வாப்பா,” என்றேன். பராமரிப்பவர்கள் சொல்லக்கூடிய முட்டாள்தனமான வசனங்களின் பட்டியலில் அது முதலிடத்தில் இருக்கும்.

வாப்பா கோபிக்கவில்லை. “எல்லாத்தயும் நீயே செஞ்சு தந்தா, இந்தக் கைக்கு ஆடுறதத் தவிர வேற என்ன வேல ஈக்கி?” என்று கேட்டார்.

பிறகு கையை நீட்டி மூன்றாவது பொத்தானைப் பிடித்தார். பிடித்ததும் நடுக்கம் அடங்கியது. முழுதாக அல்ல, முக்கால்வாசி. பொத்தான் துளைக்குள் போக நான்கு நிமிடம் எடுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அது போய்ச் சேர்ந்ததும் கையை மடியில் விட்டார். அது மறுபடியும் ஆடத் தொடங்கியது.

நான் போய்க் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். ஓய்வில் நடுக்கம். கோடும் நான் போட்டதுதான்.

அடுத்த கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டேன். ஆமாம், என்றார், வாப்பாவுக்கு உள்ள நடுக்கம் அந்த வகைதான், வேலை கொடுத்தால் குறையும். ஆனால் கை மெதுவாகவே இருக்கும். அதற்கு மாத்திரை உதவும். போட்டு முக்கால் மணித்தியாலத்தில் கை இலேசாகும், இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி இறுகும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முந்திப் போட வேண்டும். இறைச்சியோடு போட்டால் வேலை செய்யப் பிந்தும்.

இப்போது என் நான்கு தொலைபேசி அழைப்புகளும் உங்களுக்கு விளங்கியிருக்கும். சஹன் ஒரு மணிக்கு வந்தால் மாத்திரை பன்னிரண்டே காலுக்கு. ஒரு மணிச் சஹன் இரண்டரைக்கு வந்தால், பன்னிரண்டே காலுக்குப் போட்ட மாத்திரை கரைந்துபோய், வாப்பா வெள்ளைத் துணிக்கு முன்னால் கல்லாக நிற்பார். நான் சேகரித்த தரவு: கடந்த ஆறு கலியாணங்களிலும் அட்டையில் ஒரு மணி, சஹன் வந்தது 1.35, 2.10, 2.05, 1.50, 2.40. ஆறாவதில் மழை, கணக்கில் எடுக்கவில்லை.

காரணத்தை சாச்சாவிடம் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். வாப்பா சொல்ல விடவில்லை. “ஒருத்தருக்கும் சொல்ல வாணாம். சொன்னா திரும்பவும் அந்த மேசயத்தான் கொண்டு வைப்பாங்க.”

6

பள்ளிவாசலில் சஹன் தட்டுகள் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று கேட்டபோது பொறுப்பாளர் இரண்டு தரம் கேட்டார்.

“எத்தின பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

“ரெண்டு பேருக்கு சஹனா?”

இந்தப் பெண்ணின் பசி பற்றிய கதை இங்கிருந்தும் பரவியிருக்கலாம்.

மூன்று வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். தரையில் இறங்குவது ஒரு வேலை, எழும்புவது இரண்டு வேலை. முதலில் இடது முழங்கால், பிறகு கதிரைக் காலைப் பிடித்து வலது. முதல் வெள்ளி, கோழித்தொடை வழுக்கி என் மடியில் விழுந்தது. இரண்டாம் வெள்ளி, கால்வாசிச் சோறு என் பக்கம் வந்துவிட்டது.

“எனக்குக் கொஞ்சம் கூடத் தாரீங்க போல,” என்றேன்.

“நீ மெலிஞ்சு போய் ஈக்கிறாய், அதுதான்,” என்றார் வாப்பா.

மூன்றாம் வெள்ளி, இரண்டு பேர் உட்கார்ந்திருந்த அந்தத் தட்டில் வாப்பா ஆறு பங்கு வைத்தார். மெதுவாக, ஆனால் சரியாக. நான்கு பங்கு யாருமில்லாத பக்கங்களைப் பார்த்துக் கிடந்தது. மிஞ்சியதை மறுநாளும் சாப்பிட்டோம்.

7

கலியாண நாள். கதை இங்கே வேகமாக ஓட வேண்டும். ஆனால் மாப்பிள்ளை நாவலப்பிட்டியிலிருந்து வர வேண்டும், அந்த பஸ் பேராதனைப் பக்கம் நெரிசலில் நிற்கிறது.

மண்டபம் கட்டுகஸ்தோட்டை வீதியில். நடுவில் பச்சைத் திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். மாத்திரை நானாவின் சட்டைப் பையில். நேரத்தைச் சொல்ல வேண்டியது நான். பன்னிரண்டே காலுக்கு நானா தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, குடுக்கவா?”

“இரிங்க. மாப்பிள்ளயே இன்னம் வரல்ல.”

பன்னிரண்டே முக்காலுக்கு: “குடுக்கவா?”

“பஸ் எங்க ஈக்கி?”

“கன்னொருவயாம்.”

“இரிங்க நானா.”

ஒன்று ஐந்துக்கு நானாவின் குரல் மாறியிருந்தது. “தங்கச்சி, வாப்பாவக் காணல்ல.”

“என்ன காணல்ல?”

“இங்கதான் கதிரயில இரிந்தார். மாத்திரப் பெட்டிய வாங்கிப் பாத்தார். நான் சாச்சாவோட கதச்சிட்டுத் திரும்பினா ஆளில்ல.”

[இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் அத்தியாயத்தை முடித்து உங்களைத் தவிக்க விடுவார். எனக்கு மனம் வரவில்லை. வாப்பா பத்திரமாக இருக்கிறார். தொடருங்கள்.]

பதினொரு நிமிடம் கழித்து, நானா தேடிப் பிடித்த பிறகு, அவருடைய தொலைபேசியிலிருந்து வாப்பாவே பேசினார். பின்னால் சட்டி, அகப்பைச் சத்தம்.

“எங்க வாப்பா ஈக்கிறீங்க?”

“குசினியில. கதிர போட்டுத் தந்தீக்கிறாங்க.”

“அங்க என்ன செய்றீங்க?”

“நீ ஊரெல்லாம் கேட்டாய். சமைக்கிற ஆளிட்டக் கேட்டியா?”

பத்தொன்பது வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான்.

“சோறு தம்மில ஈக்கி. மூடிக்கு மேல தணல் கெடக்கு. இன்னம் அரமணித்தியாலத்துல தெறப்பாராம், பொறகு கால் மணித்தியாலத்துல சஹன் போவுமாம். மாப்பிள்ள பிந்தினாப் பரவாயில்ல, சோறு பிந்த ஏலா எண்டு சொல்றார். நல்ல மனிசன். மாத்திரய இப்பத்தான் போட்டேன்.”

அழைப்பைத் துண்டித்துவிட்டார். சுவரில் நான் ஒட்டிய நேர அட்டவணை, நிறங்கள், ஆறு கலியாணத் தரவு எல்லாம் தேவையற்றுப் போயின. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த பெண்கள், இவளுக்குச் சாப்பாட்டு நேரம் தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்தது சரிதான்.

8

மாப்பிள்ளை ஒன்று இருபத்தைந்துக்கு வந்தார். நிக்காஹ் முடிந்தது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாவது சஹன் குசினிக் கதவைத் தாண்டியது.

திரை ஒரு தூணில் முடிகிற இடத்தில் நாலு விரல் இடைவெளி இருந்தது. போய் நின்றேன். ஆண்கள் பக்கம் வெள்ளைத் துணிகள், தொப்பிகள், நெய் மணம். மூன்றாவது சஹனைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார், யாரென்று தெரியவில்லை. ஐந்து பேரில் ஒருவர் கையை உயர்த்திக் கூப்பிட்டார். வாப்பா அந்தத் துணியின் விளிம்பில் நின்றார். பின்னால் நானா, தொடாமல். வாப்பாவின் இடது முழங்கால் மெல்ல மடியத் தொடங்கியது.

“பஸ்லினா!”

இது என் மாமி றலியா. வாப்பாவின் மூத்த சகோதரி. எழுபத்தேழு வயது, குரலுக்கு முப்பது.

“அங்க என்ன எட்டி எட்டிப் பாக்கிறாய்? இங்க ஒராள் கொறயுது!”

“ஒரு நிமிசம் மாமி.”

“ஒரு நிமிசத்துல சோறு ஆறிப்போவும். அஞ்சு பேரு கை கழுவிட்டு ஒன்னப் பாத்துக்கொண்டு ஈக்கிறோம். ஒரு கெழமயா ஃபோன் எடுத்து எடுத்துக் கேட்டாய், இப்ப வந்தீக்கி. வந்து இரி!”

பெண்கள் பக்கம் முழுதும் சிரித்தது. மணப்பெண் கூடச் சிரித்தாள்.

இந்த இடத்தில்தான் நான் பேனாவை வைத்துவிட்டு மூன்று நாள் யோசித்தேன். ஒரு நிருபர் செய்ய வேண்டியது தெளிவு. இடைவெளியில் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும். ஒரு மகள் செய்ய வேண்டியது? அதுவும் அதுதான் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாதத்தில் ஒரு வேளைச் சோற்றைக்கூட, இன்னொருவர் தொண்டையில் இறங்குகிறதா என்று காது கொடுக்காமல் நான் சாப்பிட்டதில்லை.

ஒன்று தெரிந்தது. நான் அங்கே நிற்கிறேன் என்று வாப்பாவுக்குத் தெரியும். அவர் ஒரு முறை அந்தத் தூணைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. பரீட்சை மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்கிற தாயைப் பிள்ளை பார்ப்பது போல இருந்தது.

நான் திரும்பிப் போய் மாமியின் சஹனில் உட்கார்ந்தேன். மாமி ஒரு பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். சோறு சூடாக இருந்தது. அச்சாறு புளித்தது. யாரோ, “சோறு போடவா?” என்று கேட்டார்கள். “போடுங்க,” என்றேன். இரண்டாவது தரமும் கேட்டார்கள். இரண்டாவது தரமும் போடச் சொன்னேன்.

ஆகவே இந்தக் கதையின் உச்சக்காட்சி நடந்த நேரத்தில் ஆசிரியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

9

சாட்சிகள்.

ஷிராஸ் நானா: “வாப்பாதான் இறச்சி பிச்சார். முதல்ல கை ஆடினது. கொஞ்சம் சோறு மத்தாள்ட பக்கம் போச்சு. பொறகு நிண்டுட்டு. ஒருத்தரும் பாக்கல்ல.” ஒருத்தரும் பார்க்கவில்லையென்றால் நானாவுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். “நான் பாத்தேன்தானே,” என்றார். ஆனால் பாதியில் அவர் தன் கடைசி மகனைத் தேடிக்கொண்டு வெளியே போனதாக நானாவின் மனைவி சொல்கிறார்.

மஹ்ரூப் சாச்சா: “காக்கா பங்கு வச்சதுல எனக்குத்தான் பெரிய துண்டு!” காக்கா என்றால் அவருடைய அண்ணன், என் வாப்பா. இந்தச் சாட்சியத்தை என்னால் ஏற்க முடியாது. பெண்ணின் வாப்பா முதற்பந்தியில் உட்கார மாட்டார். அவர் அந்த நேரத்தில் வாசலில் வாகனங்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. ஆகையால் அழிக்கவில்லை.

நாவலப்பிட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இப்ஹாம், மாப்பிள்ளையின் உறவினர், அந்தச் சஹனில் இருந்த ஐந்து பேரில் ஒருவர். இலக்கம் தேடிப் பிடித்துக் கேட்டேன்: “அந்தப் பெரியவரா? நல்லா ஞாபகம் ஈக்கி. எங்களுக்குப் பிச்சுப் பிச்சுப் போட்டார். அவர் சாப்பிட்டாரா எண்டு கேட்டா… நான் பாக்கல்ல ராத்தா. எங்களுக்குத் திங்கவே நேரம் சரி.” பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “ஏன், அவருக்கு ஏதும் சொகமில்லயா?”

வாப்பா. வீடு திரும்பும்போது, வான் பெரிய கடை வீதியைத் தாண்டுகையில் கேட்டேன்.

“வாப்பா, சாப்பிட்டீங்களா?”

“நீ சாப்பிட்டியா?”

“நல்லாச் சாப்பிட்டேன். ரெண்டு தரம் சோறு வாங்கினேன்.”

“அப்ப சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

10

இதுவரை எழுதியதை நேற்றுப் பின்னேரம் வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குசினி வந்த இடத்தில் சிரித்தார். சாச்சாவின் சாட்சியத்தில் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

“முடிவு எங்க?”

“கலியாண வீடியோ வந்தீக்கி வாப்பா. இல்மா ஃபோனுக்கு அனுப்பினா. ஆம்புளயள்ட பக்கமும் எடுத்தீக்கிறாங்க. அதப் பாத்துட்டுத்தான் எழுதணும்.”

“வாணாம்.”

“ஏன்?”

“சஹன்ல ஆறு பேருதான் இரிக்க ஏலும் மகள். நீ ஏழாவது ஆள்.”

நான் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். எனக்காக அல்ல, இவ்வளவு தூரம் கூட வந்தவர்களுக்காக.

“அப்ப படிக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ற?”

“ஆரு படிக்கிற?”

“ஆக்கள் வாப்பா. தெரியாத ஆக்கள்.”

அவர் யோசித்தார். கதிரையின் கைப்பிடியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

“அவங்க சாப்பிட்டாங்களாமா?”

“தெரியா.”

“அப்ப கூப்பிடு.”

கூப்பிடுகிறேன். நாவலப்பிட்டிக்காரர் நல்ல மனிதர், தன் இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். கையைக் கழுவிக்கொண்டு இறங்கி உட்காருங்கள். உங்களுக்கு எதிரே, இடது முழங்காலை மடித்து மெல்லக் கீழே வருபவர் ஸவாஹிர். சட்டையின் மூன்றாவது பொத்தானை அவரே போட்டார். இனி நடப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அல்லது சோறு சூடாக இருக்கும்போது மற்றவர்கள் செய்வது போலப் பார்க்காமல் இருக்க வேண்டும். என்னிடம் வந்து சொல்லத் தேவையில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். இனிப்புக்கு வட்டலப்பம் வந்துகொண்டிருக்கிறது.